கல்லூரித் தோட்டமும் கோடை விடுமுறையும்



மும்பையில் வாழும் தமிழர் இல்லம் ஒன்றை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். செம்பூரிலோ மாட்டுங்காவிலோ மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். அல்லது தாராவியில் ஒரே அறை. சன்னற் கம்பிகளுக்கு உட்புறம் ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலைக் கன்று, பழைய வாளியொன்றில் ஒரு மிளகாய்ச் செடி. அவ்வீட்டாருக்கு உரிய நிலம் அவ்வளவே. முருங்கைக்காயும் சேப்பங்கிழங்கும் வாழைப்பூவும் மாட்டுங்காக் கடைத்தெருவில் விலைக்குக் கிடைக்கின்றன, குறையொன்றுமில்லை. ஆயினும் அவ்வீட்டில் முதியவர் ஒருவர் இருக்கிறார். இளமையில் திருநெல்வேலிச் சீமையில் கமலை இறைத்தவர். ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்து, இன்று நீர் பாய்ச்ச வேண்டுமா, நாளை போதுமா என்று சொல்லக் கூடியவர். அவரிடம் அறிவு இருக்கிறது. எடுத்துப் பார்க்க மண் இல்லை. அதே வீட்டின் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். அவள் கல்லூரியில் விடுதிக்குப் பின்னால் சிறிது மண்ணும், கட்டடத்தின் மேல் பரந்த மொட்டை மாடியும் இருக்கின்றன. ஆனால் கத்தரி நாற்றுக்கும் மிளகாய் நாற்றுக்கும் உள்ள வேற்றுமையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் எவருமில்லை.

இவ்விருவரையும் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கக் கூடியது கல்லூரி வளாகத்துப் பொதுத் தோட்டம். அதனை அமைப்பது எவ்வாறு, அதைவிட முக்கியமாக, அமைத்த தோட்டத்தை ஆண்டுதோறும் உயிரோடு வைத்திருப்பது எவ்வாறு என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்தகைய தோட்டங்களைத் தொடங்குவது எளிது. ஒரு கல்லூரியை எண்ணிக்கொள்வோம். ஆகஸ்டு மாதத்தில் நாற்பது மாணவர்கள் திரளுகிறார்கள். முதல்வர் ஒரு கன்றை நடுகிறார், படம் எடுக்கப்படுகிறது. அக்டோபரில் பதினைந்து பேர் வருகிறார்கள். பிப்ரவரியில் ஐந்து பேர். ஏப்ரலில் தேர்வு முடிந்து எல்லாரும் ஊருக்குப் போய்விடுகிறார்கள். வெயில் மிகக் கடுமையாக எரிக்கும் அந்த ஏழெட்டு வாரங்களில் செடிக்கு நீர் வார்க்க ஆளில்லை. ஜூன் மாதத்தில் கல்லூரி திறக்கும்போது தொட்டிகளில் குச்சிகள் நிற்கின்றன. தோட்டத்தை ஆர்வத்துடன் தொடங்கியவர்களோ பட்டம் பெற்றுப் போய்விட்டார்கள். மண் கெட்டதனால் அத்தோட்டம் அழியவில்லை, பூச்சியாலும் அழியவில்லை. விடுமுறையில் நீர் வார்ப்பவர் யார் என்ற ஒரு கேள்விக்கு விடை காணாமையால் அழிந்தது. கல்லூரித் தோட்டம் பற்றிய பேச்சில் ஏனைய யாவும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமையும்.

மும்பை நகரில் கூட்டு முயற்சியால் பயிர் விளைவித்த அனுபவம் இல்லாமலில்லை. அக்காலத்தில் போர்ட் டிரஸ்ட் என்று வழங்கிய மும்பைத் துறைமுக நிறுவனத்தின் மைய உணவுக்கூடத்தில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோருக்கு உணவு சமைக்கப்பட்டது. காய்கறித் தோலும் கழிவும் மிகுந்தன. அக்கழிவை என்ன செய்வது என்ற எளிய கேள்வியிலிருந்து, 2002-ஆம் ஆண்டில், அங்கு உணவுப் பொறுப்பு அதிகாரியாக இருந்த பிரீதி பாட்டீல் அம்மையாரும் சமையற்கூட ஊழியர்களும் கட்டடத்தின் மாடியிலேயே ஒரு தோட்டம் போட்டனர். ஏறத்தாழ 3,000 சதுர அடி மாடியில் காயும் கனியும் கீரையும் வளர்ந்தன. சமையல் வேலை முடிந்த பின் ஊழியர்களே அதைப் பார்த்துக்கொண்டனர். பின்னர் அவ்வம்மையார் முன்னின்று உருவாக்கிய ‘அர்பன் லீவ்ஸ்’ என்னும் தன்னார்வக் குழு, மாட்டுங்காவில் டான் பாஸ்கோ பள்ளி வளாகத்தின் மாடியிலும் கூட்டுப் பயிர்முறையைக் கொண்டு வந்தது. வங்கி ஊழியரும் இல்லத்தரசியரும் மாணவரும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கூடி, மண் கலந்து, விதைத்து, விளைந்ததைப் பங்கிட்டுக்கொண்டனர்.

இவ்விரண்டு முயற்சிகளிலிருந்தும் கல்லூரிகள் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு. உணவுக்கூட மாடியில் தோட்டம் நிலைத்தமைக்குக் காரணம், அதைப் பேணியவர்கள் ஆண்டு முழுதும் அங்கேயே இருந்தவர்கள் என்பது. மாணவர்கள் வந்து போகிறவர்கள். ஆதலின், வளாகத்தில் நிலையாக இருப்போரையும், வளாகத்துக்கு அருகில் நிலையாக வாழ்வோரையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். இதனை நினைவில் வைத்துக்கொண்டு, இடம், மண், காலம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இடம் இரு வகை: தரையும் மாடியும். தரையாயின், மும்பையில் ஓர் எச்சரிக்கை தேவை. இந்நகரின் பெரும்பகுதி கடலையும் சதுப்பையும் தூர்த்து எழுந்தது. எதை இட்டுத் தூர்த்தார்கள் என்பது எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் உள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 37 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பசுஞ்சோலை ஒருகாலத்தில் நகரத்தின் குப்பைமேடு. மரங்களை நட்டு வளர்த்து, 1994-இல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார்கள். குப்பைமேடும் காடாகும் என்பதற்கு அது நற்சான்று. ஆனால் காடு வேறு, கறிக்குரிய கீரை வேறு. பழைய வண்ணப்பூச்சு, எந்திரச் சாலைக் கழிவு ஆகியவற்றின் வழியே மண்ணிற் சேரும் ஈயம் முதலிய உலோகங்கள், காய்களைவிடக் கீரைகளிலும் கிழங்குகளிலும் மிகுதியாகத் தங்குகின்றன. ஆதலின் வரலாறு தெரியாத நிலத்தில் நேராக விதைக்கலாகாது. மண்ணை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது முதற்படி. வேதியியல் துறையுள்ள கல்லூரியில் இதுவே மாணவர்களுக்கு ஒரு நல்ல பாடமாகும். ஐயம் இருப்பின், செங்கல் அடுக்கி ஒன்றரை அடி உயரப் பாத்தி கட்டி, புதிய மண்ணும் எருவும் நிரப்பிப் பயிரிடுதல் நலம்.

மாடியாயின், கவனிக்க வேண்டுவது சுமை. ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வயல் மண்ணை நிரப்பி நனைத்தால் அதன் எடை ஏறத்தாழ 500 கிலோ. மக்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு நம் நாட்டுக் கட்டட நெறிகள் கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ மட்டுமே. கட்டடம் தாங்கும் என்று நம்பி வண்டி வண்டியாக மண்ணேற்றுவது அறியாமை. மாடிக்கு ஏற்றது கனமற்ற கலவை. கரும்புச் சாறு பிழியும் கடைகளில் குவியும் சக்கை, தென்னை நார்க்கழிவு, மட்கிய இலை இவற்றோடு சிறிது மண் சேர்த்தால் எடை பாதிக்கும் குறைவாகிவிடும். கீரைக்கு அரையடி ஆழம் போதும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஓரடி வேண்டும். ஆழமான தொட்டிகளை நடுமாடியில் வையாமல், உத்தரமும் சுவரும் தாங்கும் ஓரங்களில் வைக்க வேண்டும். எப்படியாயினும், கல்லூரிப் பொறியாளரின் எழுத்து மூலமான ஒப்புதல் கைக்கு வருமுன் ஒரு கூடை மண்ணும் மேலேறலாகாது.

இனி மண். அதை விலைக்கு வாங்குவதைக் காட்டிலும் வளாகத்திலேயே ஆக்கிக்கொள்ளலாம். கல்லூரிச் சாலைகளில் தூங்குமூஞ்சி மரங்கள் உதிர்க்கும் சருகைப் பெருக்கி எரிப்பது பழைய வழக்கம். விடுதிச் சமையலறையில் காய்கறித் தோல் குவிகிறது. சருகு மூன்று கூடை, பச்சைக் கழிவு ஒரு கூடை என்ற அளவில் மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காத்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று திங்களில் கறுத்த எரு கிடைக்கும். நாற்றம் எழுந்தால் சருகு குறைவு என்று பொருள். மட்காமல் கிடந்தால் ஈரம் குறைவு என்று பொருள். மும்பை மாநகராட்சி 2017-ஆம் ஆண்டிலேயே, நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் பெரிய வளாகங்கள் தம் ஈரக்குப்பையைத் தம் எல்லைக்குள்ளேயே எருவாக்க வேண்டுமென்று வலியுறுத்தியது. ஆகவே, எருக்குழிக்கு இடம் கேட்கும் மாணவர்கள் நிருவாகத்திடம் சலுகை கேட்பவர்களாகத் தயங்க வேண்டுவதில்லை. நிருவாகத்தின் சுமையொன்றைக் குறைப்பவர்களாகவே சென்று பேசலாம்.

மகாராஷ்டிரத்தில் இவ்வகை இயற்கைப் பயிர்முறைக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் கோலாப்பூரைச் சேர்ந்த ஸ்ரீபாத் தாபோல்கர். கணித ஆசிரியரான அவர், உழவர்களும் மாணவர்களும் தாமே சோதனை செய்து, கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லும் ‘பிரயோக் பரிவார்’ என்ற பயிற்சிக் குடும்பத்தை வளர்த்தார். அவர் வழி வந்தோர் மாட்டுச் சாணம், கோமூத்திரம், சிறிது வெல்லம் ஆகியவற்றை நீரிற் கரைத்து மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்துச் சருகின் மேல் தெளித்து ‘அம்ருத் மிட்டி’ என்னும் வளமண்ணை உண்டாக்குகின்றனர். நம் நாட்டுப்புற உழவர்களுக்கு இம்முறை புதிதன்று. சாணக் கரைசலைப் பறிக்கும் பருவத்துக் கீரையின் மேல் தெளிக்கக் கூடாது என்ற சுகாதார விதியை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

அடுத்தது காலம். இங்கேதான் வெளிமாநிலத் தமிழர் தவறு செய்ய இடமுண்டு. ஆடிப் பட்டம் தேடி விதை என்பது நம் பழமொழி. நம் ஊரில் அது பொன்மொழி. மும்பையிலோ ஆடி மாதம் என்பது தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் நேரம். ஆண்டில் 2,000 மில்லிமீட்டருக்கு மேற்படும் மழையில் மிகப் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்துவிடுகிறது. ஆடியில் தூவிய கீரை விதை அவ்வெள்ளத்தோடு சாக்கடைக்குப் போகும். ஆகவே பஞ்சாங்கத்தை இடத்துக்குத் தக்கவாறு மாற்றிப் படிக்க வேண்டும். ஜூன் முதல் மழையோடு, நீர் தேங்காத மேட்டுப் பாத்தியில் வெண்டை, பீர்க்கு, புடலை ஆகியவற்றை ஊன்றிப் பந்தலில் ஏற்றலாம். மழை ஓயும் செப்டம்பர் இறுதியில் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகளை நடலாம். அக்டோபர் முதல் முள்ளங்கி, வெந்தயக் கீரை, கொத்தமல்லி, தண்டுக்கீரை. டிசம்பர் முதல் மார்ச் வரை அறுவடை.

இந்த அட்டவணையை உற்று நோக்கினால் ஒரு நன்மை புலப்படும். மும்பையில் கல்லூரிகள் பொதுவாக ஜூனில் திறந்து ஏப்ரலில் முடிகின்றன. தோட்டத்தின் சிறந்த பருவமும் அதே காலந்தான். அப்படியாயின், கோடையிலும் பசுமை காட்ட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மார்ச்சு இறுதியில் கடைசிக் காயைப் பறித்துவிட்டு, பாத்திகளில் எருவிட்டு, அரையடி கனத்துக்குச் சருகால் மூடாக்குப் போட்டு மண்ணை உறங்க விட வேண்டும். வெயிலில் ஒரு சதுர மீட்டர் பயிர்ப் பாத்திக்கு நாள்தோறும் ஏறத்தாழ 5 லிட்டர் நீர் தேவை. நூறு சதுர மீட்டர் தோட்டத்துக்கு 500 லிட்டர். மூடாக்கிட்டு உறங்கும் பாத்திக்கு நீர் தேவையில்லை. கறிவேப்பிலை, முருங்கை, எலுமிச்சை, வாழை போன்ற நிலைப்பயிர்களுக்கு மட்டும் நீர் வார்த்தால் போதும். அவற்றை ஓரிடத்தில், குழாய்க்கு அருகில் வைத்துவிட்டால், ஒருவர் அரைமணி நேரத்தில் அவ்வேலையை முடித்துவிடலாம். நீர் சேமிக்கும் பீப்பாய்களை எப்போதும் மூடி வைக்க வேண்டும். தொட்டிகளின் அடித்தட்டில் நீர் தேங்கவிடலாகாது. மலேரியாவும் டெங்குவும் பரப்பும் கொசு தேங்கிய நன்னீரில் பெருகும். தோட்டத்தால் விடுதிக்கு நோய் வந்தது என்ற ஒரு பேச்சு எழுந்தால் அத்துடன் தோட்டம் முடிந்தது.

ஆயினும் அந்த அரைமணி நேர வேலைக்கும் ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அவரை நியமிப்பது யார்? அவர் வாராவிடில் கேட்பது யார்? இங்கே நாம் வேளாண்மையை விட்டு ஆட்சிமுறைக்கு வருகிறோம். தமிழர்க்கு இதில் நெடிய அனுபவம் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ் பெற்றவை. அக்கல்வெட்டுகளில் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியம் என்ற ஒன்றும் பேசப்படுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர். பதவிக் காலம் 360 நாள். முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வரலாகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதி இழந்தனர். ஊரின் பொறுப்பு மிக்க சம்வத்சர வாரியத்துக்கு, முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தனர்.

அது பிராமணர் சபையாக அமைந்த ஊர். நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆடவர்க்கே அங்கு வாய்ப்பு இருந்தது. அந்தக் கதவடைப்பை இன்று நாம் பின்பற்ற வேண்டுவதில்லை, பின்பற்றவும் கூடாது. ஆனால் அவ்விதிகளின் உள்ளே இருக்கும் அறிவு எக்காலத்துக்கும் பொருந்தும். வரையறுத்த காலம், மாறி மாறி வரும் பொறுப்பு, கணக்குக் காட்டும் கடமை, சிறிய காரியத்தில் பயின்றவனுக்கே பெரிய காரியம் என்னும் ஒழுங்கு: இந்நான்கும் ஒரு கல்லூரித் தோட்டத்துக்கு இன்றும் போதுமானவை.

இவற்றை நடைமுறையில் இவ்வாறு அமைக்கலாம். தோட்டக் குழுவில் பன்னிருவர் இருக்கட்டும்: மாணவர் எண்மர், ஆசிரியர் ஒருவர், அலுவலகத்தார் அல்லது விடுதி ஊழியர் ஒருவர், அருகில் வாழும் பெரியவர் இருவர். மாணவர் எண்மரில் நால்வர் இரண்டாம் ஆண்டினர், நால்வர் முதலாண்டினர். ஆண்டுதோறும் பாதிப் பேர் விலக, பாதிப் பேர் நிற்பார்கள். அனுபவம் ஒரேயடியாக வாயில் வழி வெளியேறிவிடாது. புதியவர்களை ஜூனில் அன்றி, முந்திய ஜனவரியிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். பழையவர்களோடு சேர்ந்து அறுவடையும் விதையெடுப்பும் மூடாக்கும் அவர்கள் கைப்படச் செய்த பிறகே பொறுப்புக் கைமாற வேண்டும். 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரத் தொண்டு செய்ய வேண்டும் என்பது விதி. அந்நேரத்தில் ஒரு பகுதியைத் தோட்டத்துக்குக் கணக்கிட ஒப்புதல் பெற்றால், ஆர்வம் தளரும் பிப்ரவரியிலும் கைகள் குறையா.

ஒரே குறிப்பேடு, அது பூட்டி வைக்கப்படாமல் தோட்டக் கதவருகே தொங்க வேண்டும். யார் என்று வந்தார், என்ன செய்தார், எந்த விதை என்று ஊன்றினார், எத்தனை கிலோ பறித்தார், எத்தனை ரூபாய் செலவு என்பனவெல்லாம் அதில் ஏற வேண்டும். கணக்கு எல்லார் கண்ணிலும் படுமாயின் சச்சரவில் பாதி எழவே எழாது.

சச்சரவு எழுவது பெரும்பாலும் நட்டபோது அன்று, பறிக்கும்போதுதான். பங்கீட்டு விதியை முதற்காய் காய்க்குமுன் எழுதிவிட வேண்டும். வேலை செய்த நேரத்துக்கு ஏற்பப் பாதி. விடுதிச் சமையலுக்குக் காற்பங்கு. துப்புரவுப் பணியாளர்க்கும் காவலர்க்கும் தோட்ட ஊழியர்க்கும் காற்பங்கு என்று வகுத்துக்கொள்ளலாம். வழிப்போக்கர் பறித்துப் போவதைப் பற்றிப் பலர் வருந்துவர். நடைபாதை ஓரத்தில் ஒரு வரிசை கீரையை, யாரும் பறித்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்துவிட்டால், உள்ளே கை நீள்வது குறையும்.

இங்கே தோட்ட ஊழியரைப் பற்றி ஒரு சொல். மும்பையில் அவரை மாலி என்று அழைக்கிறோம். மாணவர் தோட்டம் என்ற பெயரில் தொடங்கி, மாணவர் வாராத நாட்களில் எல்லா வேலையும் மாலியின் தலையில் விழுவது பல இடங்களில் நிகழக் கூடியது. அவருக்கு அது கூலியில்லா வேலை, புகழோ பிறருக்கு. இது முறையன்று. மாலிக்குத் தோட்டக் குழுவில் ஆலோசகர் என்ற இடமும், விடுமுறையில் அவர் நீர் வார்த்தால் அதற்குத் தனிக் கூலியும் தர வேண்டும். அக்கூலியைக் குளிர்காலத்து விளைச்சலில் ஒரு பகுதியை விற்று முன்கூட்டியே சேர்த்து வைக்கலாம்.

வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றையும் கூறுவேன். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில், 1967-இல், ஆலன் சாட்விக் என்ற ஆங்கிலேயத் தோட்டக் கலைஞர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, சரிவான கரட்டு நிலம் ஒன்றைக் கைக்கருவிகளாலேயே கொத்திச் சோலையாக்கினார். 1970-களின் தொடக்கத்தில் அவர் அவ்விடத்தை விட்டுச் சென்றார். தலைவர் போனதும் தோட்டமும் போயிருக்க வேண்டும், போகவில்லை. அதற்குள் அது வளாகத்தின் பண்ணையோடும் பயிற்சி வகுப்போடும் இணைந்துவிட்டது. ஒருவருடைய ஆர்வமாகத் தொடங்கியது ஒரு நிறுவனத்தின் வழக்கமாயிற்று. பொதுச் சொத்து பேணுவாரின்றி அழிந்தே தீரும் என்ற கருத்தை மறுத்து, உலகெங்கும் பாசனக் கால்வாய்களையும் மலைப் புல்வெளிகளையும் மக்கள் தாமே விதி வகுத்துக் காத்து வந்ததை ஆராய்ந்து காட்டிய எலினர் ஆஸ்ட்ரம் அம்மையாருக்கு 2009-இல் பொருளாதார நோபெல் பரிசு கிடைத்தது. எல்லை தெளிவாக இருத்தல், விதியை அதற்குட்பட்டவர்களே வகுத்தல், கண்காணிப்போர் தம்முள் ஒருவராக இருத்தல், தவறுக்குச் சிறிது சிறிதாகக் கூடும் தண்டம் ஆகியன அவர் கண்ட பொது இலக்கணங்களுட் சில. நம் ஏரிகளில் குடிமராமத்துச் செய்து, நீர்க்கட்டி என்பவரைக் கொண்டு மடைதோறும் நீர் பங்கிட்ட ஊர்களுக்கு இவை அயலான செய்தி அல்ல.

இனி, தொடக்கத்திற் கண்ட முதியவரிடம் மீண்டு வருவோம். கோடை விடுமுறையில் மாணவர் ஊருக்குப் போவர், ஆசிரியரும் போவர். அவர் எங்கும் போவதில்லை. விடியுமுன் எழும் வழக்கமுடையவர். அவருக்கும் அவரையொத்த நால்வருக்கும் கல்லூரி முதல்வர் கையொப்பமிட்ட அடையாளச் சீட்டு வழங்கி, ஆளுக்கு வாரம் ஒருநாள் என்று முறை வகுத்தால், நீர் வார்ப்பவர் யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். காவலர் வாயிலில் தடுத்து நிறுத்தாதவாறு அச்சீட்டு இருக்க வேண்டும்; நிழலும் குடிநீரும் நாற்காலியும் இருக்க வேண்டும். கைம்மாறாக விளைச்சலில் பங்கு. இதனை உதவி என்று எண்ணலாகாது. மாணவர்க்குக் கற்பிப்பவர் என்ற தகுதியிலேயே அவரை அழைக்க வேண்டும். நாற்றை எந்த ஆழத்தில் நடுவது, விதைக்கு விடும் வெண்டையை எப்போது பறிப்பது, பூச்சி விழுந்த இலையை எப்படிக் கிள்ளுவது என்பவற்றை அவர் காட்டும்போது மாணவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். ஏர் பிடித்த கைகளையுடைய தலைமுறை நகரத்தில் நாளுக்கு நாள் அருகி வருகிறது. அவர்களிடம் கேட்டுக்கொள்ளாத அறிவு அவர்களோடு மறையும்.

பல மொழியினர் வாழும் நகரில் தோட்டம் மற்றொரு நன்மையும் செய்யும். நம் முருங்கை மராட்டியர்க்குச் சேவ்கா. நம் புடலை அவர்கட்குப் படவள். பீர்க்கு தோட்கா, கொத்தவரை கவார், புளிச்சகீரை அம்பாடி. சேப்பங்கிழங்கை நாம் வறுக்கிறோம். அவர்கள் அதன் இலையில் மாவு தடவிச் சுருட்டி அளுவடி செய்கிறார்கள். ஒரே செடியில் அவர்களுக்கு இலை, நமக்குக் கிழங்கு. பாத்திதோறும் இரு மொழியிலும் பெயர்ப்பலகை நட்டால், அண்டை வீட்டாரோடு பத்தாண்டு பேசாதவர்களும் அங்கே பேசத் தொடங்குவர்.

மும்பைத் தமிழர்க்குப் பொதுக் காரியங்கள் புதியன அல்ல. தென்னிந்தியர் ஒன்றுகூடி மாட்டுங்காவில் 1932-இல் கல்விச் சங்கம் கண்டனர். கோயில்களையும் இசைச் சபைகளையும் எழுப்பினர். தில்லியிலும் கொல்கத்தாவிலும் பிற நகரங்களிலும் உள்ள தமிழர்களும் இவ்வாறே செய்துள்ளனர். அவற்றோடு ஒப்பிட்டால் நாலு பாத்தித் தோட்டம் சிறிய காரியந்தான். பருவத்தை மட்டும் அந்தந்த ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் எங்கும் செய்யலாம்.

உங்கள் பிள்ளைகள் பயிலும் கல்லூரியில் இவ்வாண்டு தோட்டம் தொடங்குவதாகச் செய்தி வந்தால், மகிழுங்கள். உடனே அவர்களிடம் ஒன்று கேளுங்கள். மே மாதத்தில் நீர் வார்ப்பவர் யார் என்று கேளுங்கள். அதற்கு அவர்களிடம் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்குமாயின் அத்தோட்டம் நிலைக்கும். இல்லையெனில், அப்பட்டியலில் முதற்பெயராக உங்கள் வீட்டுப் பெரியவரின் பெயரை எழுதிக் கொடுங்கள்.